தூத்துக்குடியின் இயல்பு துறைமுகத்தால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா?

கேள்வி – எழுதியவர்: கரூர்த்தறி

அனைவருக்கும் வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் ஏற்றுமதி ஆவணங்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாகத் தூத்துக்குடி எனக்கு ஷிப்பிங் பில்லில் எழுதும் ஒரு பெயர், அவ்வளவுதான். இப்போது அங்கேயே ஓர் அலுவலகம் திறந்து, என்னைக் குடும்பத்தோடு அனுப்ப முடிவு செய்திருக்கிறார்கள். சென்ற மாதம் இரண்டு நாள் தங்கி ஊரைச் சுற்றிப் பார்த்தேன். கடற்கரைச் சாலையில் பழைய கட்டடங்களும் பனிமய மாதா கோயிலும் கொண்ட ஓர் ஊர். புறவழிச் சாலையில் சரக்குப் பெட்டக லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஓர் ஊர். இவை இரண்டுக்கும் இடையே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளையாக உப்புக் குவித்திருக்கும் மற்றோர் ஊர். மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை போலத் தோன்றின.

படித்துப் பார்த்தால் எத்தனை டன் சரக்கு, எத்தனை பெட்டகம் என்ற கணக்குகளே கிடைக்கின்றன. ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் கையாளும் துறைமுகம் என்பது புரிகிறது. அந்த ஊர் எப்படிப்பட்டது என்பது புரியவில்லை. உண்மையில் ஊரைத் தாங்கி நிற்கும் தொழில்கள் எவை? ஊரின் குணம் துறைமுகத்தால் அமைந்ததா? கூடவே நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு சந்தேகம்: ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய எங்கள் பெட்டகம் ஏன் பல முறை கொழும்பில் இறங்கி வேறு கப்பல் மாறிப் போகிறது?


பதில் 1 – எழுதியவர்: பழைய கிளியரிங் ஏஜெண்ட்

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுங்க வேலை பார்த்து ஓய்ந்தவன் என்பதால், உங்கள் கடைசிச் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். ஊரின் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் பாண்டியர் காலத்தில் கொற்கை இருந்தது. ஆறு கொண்டுவந்த மணல் அதைத் தூர்த்துவிட்டது. அடுத்துப் பழையகாயல் தலையெடுத்தது. மார்க்கோ போலோ பார்த்து எழுதிய காயல் அதுதான். அதுவும் மணலில் முடிந்தது. பிறகுதான் ஆற்று முகத்திலிருந்து வடக்கே விலகி, எதிரே முயல் தீவு காற்றுக்கு ஓரளவு தடுப்பாக நிற்கும் இந்த ஊருக்கு வணிகம் நகர்ந்தது. ஆற்று மணல் தொல்லை இங்கே இல்லை. ஆனால் ஆழமும் இல்லை. ஆகவே நீராவிக் கப்பல்கள் வந்த காலத்தில் அவை கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள்தான் சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கின. கப்பல் கரைக்கு வராத துறைமுகம் என்பதுதான் இந்த ஊரின் முதல் விசித்திரம். நேரடியாகக் கப்பல் வந்து நிற்கும் ஊரில் கிரேன் இருந்தால் போதும். இங்கே தோணி கட்டுபவர், ஓட்டுபவர், மூட்டை சுமப்பவர், கணக்கு எழுதுபவர், கிட்டங்கி வைத்திருப்பவர் என்று ஒரு மூட்டை பஞ்சு ஐந்தாறு கைகள் மாறித்தான் கடலேறியது. அத்தனை கைகளும் இதே ஊரில் குடியிருந்தன.

1876 இல் ரயில் வந்தது. தனுஷ்கோடி வழி 1914 இல் திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர் ரயிலில் இங்கே வந்து கப்பலேறினார். கரிசல் காட்டுப் பஞ்சு வண்டி வண்டியாக வந்தது. கிரேட் காட்டன் சாலை என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்தப் பஞ்சை நம்பி வந்ததுதான் கோரல் மில். வ.உ.சி. 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியோ, லாவோ என்ற இரு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டியதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் கப்பலோடு நிற்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். கப்பல் முதலாளியே ஆலைத் தொழிலாளிக்காக மேடையேறிய ஊர் இது. கூலிப் பேச்சு என்று வந்தால் இன்றும் இங்கே யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை; புதிதாக வருகிற அலுவலர்களுக்கு இது முதலில் அதிர்ச்சியாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

புதிய துறைமுகம், அதாவது நீங்கள் ஹார்பர் என்று கேள்விப்படுவது, 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் இணையாக இரண்டு கல் அணைகளை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கொட்டி, நடுவே ஆழப்படுத்திய செயற்கைத் துறைமுகம் அது. பழைய துறைமுகம் 1979 இல் அதனோடு சேர்ந்தது. 2011 இல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. இவ்வளவு செய்தும் ஆழப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் பெரிய தாய்க்கப்பல்கள் பதினைந்து, பதினாறு மீட்டர் ஆழம் கேட்கும். கொழும்பில் அந்த ஆழம் உண்டு. உலகக் கப்பல் பாதையும் அதன் வாசலையொட்டிப் போகிறது. எனவே இங்கே உங்கள் பெட்டகத்தைச் சிறிய ஃபீடர் கப்பல் ஏற்றிக்கொண்டு போய்க் கொழும்பில் தாய்க்கப்பலிடம் ஒப்படைக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் தோணி செய்த வேலையை இன்று ஃபீடர் கப்பல் செய்கிறது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே இருந்த சில மைல், இப்போது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே உள்ள தூரமாக நீண்டிருக்கிறது, வேறு மாற்றமில்லை. 2024 செப்டம்பரில் ஆழம் கூடிய புதிய பெட்டக முனையம் திறந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில், 7,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் வெளித்துறைமுகத்துக்கும் அடிக்கல் நாட்டினார்கள். அது முடிந்தால் கொழும்பைத் தவிர்க்கலாம் என்பது கணக்கு. நடுவில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் முந்திக்கொண்டுவிட்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் முடிவு இதுதான்: ஊரைத் துறைமுகம்தான் ஆக்கியது. மற்றவை எல்லாம் அதன் நிழலில் வளர்ந்தவை.


பதில் 2 – எழுதியவர்: உப்பளத்து வீடு

அண்ணாச்சி எழுதியதில் வரலாற்றோடு எனக்குச் சண்டையில்லை, முடிவோடுதான். உப்பு துறைமுகத்தின் நிழலில் வளர்ந்ததன்று. உப்புக்கு வெயில் வேண்டும், நிழல் ஆகாது.

மூன்று தலைமுறையாக அளம் பார்க்கும் குடும்பம் எங்களுடையது; சொந்த அளம் சிறியது, குத்தகை அளம் கொஞ்சம் பெரியது. இந்தக் கடற்கரையில் உப்பு விளைவதற்குக் காரணம் மூன்று: மண் களிமண்ணாக இருப்பதால் தண்ணீர் கீழே இறங்காது, தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலை தடுத்துவிடுவதால் தை தொடங்கிப் புரட்டாசி வரை பெரும்பாலும் மழை கிடையாது, அதே மாதங்களில் அந்த மலைக் கணவாய்களைத் தாண்டி வரும் காற்று மட்டும் ஓயாமல் அடிக்கும். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில், தமிழ்நாட்டில் அதிகம் விளைவது இங்கே. துறைமுகத்தை வேறிடத்திலும் கட்டிவிடலாம், இந்தக் காற்றையும் மண்ணையும் எங்கே போய்க் கட்டுவது?

வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு முறை அருகில் நின்று பாருங்கள். கடல் நீரையோ நிலத்தடியில் ஊறும் உவர்நீரையோ முதலில் தெப்பம் எனப்படும் ஆழமற்ற தேக்கத்தில் ஏற்றி வெயிலில் காயவிடுவோம். கடல் நீர் தொடக்கத்தில் மூன்றரை டிகிரி இருக்கும்; இது வெப்பமன்று, நீரின் உப்புக் கனத்தை அளக்கும் டிகிரி. தெப்பம் தெப்பமாக மாறிக் கனம் ஏற ஏற, வழியிலேயே ஜிப்சம் படிந்துவிடும். 25 டிகிரி வந்ததும் பாத்தியில் பாய்ச்சுவோம். முதல் நாள் நீரின் மேல் மெல்லிய ஆடை போலப் படர்வதுதான் உப்பு. அதைப் பூத்துவிட்டது என்று சொல்வோம். பிறகு மணி கட்டும். 29 டிகிரியைத் தாண்ட விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்புக் கசந்துவிடும், கையில் பிசுபிசுக்கும். அதற்குள் கசப்பு நீரை வெளியேற்றிவிட்டுப் பலகையால் வாரித் தட்டுமேட்டில் குவிக்க வேண்டும். எந்தப் பாத்தியை எந்த நாள் வாருவது என்பதை என் தகப்பனார் டிகிரிக் குழாய் இல்லாமலேயே சொல்வார். பாத்தி நீர் இளஞ்சிவப்பாக மாறும் சாயலைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார். நான் குழாயைப் போட்டுப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்று உறுதி செய்துகொள்வேன்.

வாருவது ஆண்கள், தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். விடியுமுன்னே தொடங்கி வெயில் ஏறும் முன் முடித்துவிட முயல்வார்கள், ஏனென்றால் பத்து மணிக்குப் பிறகு வெள்ளைப் பரப்பிலிருந்து எழும் கூச்சம் கண்ணைக் கெடுக்கும். காலில் உறையில்லாமல் இறங்கினால் வெடிப்பில் உப்பு ஏறும். ஐப்பசி தொடங்கியதும் மழை வந்து பாத்தி கரைந்துவிடும். மூன்று மாதம் வேலை இல்லை. அந்த மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியது நல்ல காரியம். மூன்று மாதத்துக்கு அது எந்த மூலைக்கு என்பது வேறு விஷயம். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாளில், மேட்டில் குவித்து ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடியிருந்த உப்பெல்லாம் கரைந்து போனது. வரப்புகளும் போயின. அடுத்த பருவத்துக்கு மண்ணை மிதித்துப் பாத்தியைத் திரும்பக் கட்டவே எங்களுக்குப் பல வாரங்கள் பிடித்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் வந்த காஸ்டிக் சோடா ஆலையும், பின்னர் நகரை ஒட்டி வந்த சோடா சாம்பல் ஆலையும் துறைமுகத்தை மட்டும் நம்பி வரவில்லை. இரண்டுக்கும் மூலப்பொருள் உப்பு. சாகுபுரத்து ஆலை வந்தபோது புதிய துறைமுகமே கிடையாது. ஆகவே, தம்பி கண்ட மூன்று ஊர்களும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. உப்பு லாரி அவற்றுக்கு நடுவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.


பதில் 3 – எழுதியவர்: வளைகுடா

இருவரும் பெருமையாக எழுதிவிட்டீர்கள். நான் கடல்வாழ் உயிரியல் படித்தவன், பிறந்தது திரேஸ்புரம் பக்கம். எனவே கொஞ்சம் கசப்பு நீரையும் சேர்க்க அனுமதியுங்கள்.

இந்த ஊரை முத்துநகர் என்கிறோம். முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1961 இல். பெயர் ஒட்டிக்கொண்டது, தொழில் போய்விட்டது. 1973 இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள், ஆனால் அது ஊரின் தொழிலாக வேர் பிடிக்கவில்லை. சங்கு மட்டும் நின்றது. இங்கே எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே மணப்பெண் கையில் வளையலாகிறது. எங்கள் தெருவில் யாரும் சங்கு வளையல் போட்டு நான் பார்த்ததில்லை. பழைய நாளில் அளவு வளையம் ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் நுழைந்துவிடும் சிறிய சங்கைத் திரும்பக் கடலில் விடவேண்டும் என்பது விதி. வருகிற ஆண்டுக்கும் வேண்டும் என்ற எண்ணம் அந்த இரும்பு வளையத்தில் இருந்தது.

ஊரின் இயல்பைக் கேட்டீர்கள். 1530களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவியதும், போர்த்துக்கீசியர், 1658 இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியதும் எல்லாரும் அறிந்ததே. ஆனால் ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும் படகு பரதவர் கையிலேயே இருந்தது. பெர்னாண்டோ, ரோச், மச்சாடோ என்று பெயர் வைத்துக்கொண்டு நல்ல நெய்தல் தமிழ் பேசும் மக்களை வேறெங்கே பார்க்க முடியும்? ஜூலை 26 இல் பனிமய மாதா கோயில் கொடியேறினால் ஆகஸ்டு 5 வரை ஊரே அந்தப் பக்கம்தான். அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. உப்பளத்து நாடார் கடையும் காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகரும் அந்தப் பத்து நாள் வியாபாரத்தைக் கணக்கில் வைத்தே சரக்கு எடுப்பார்கள். விசைப்படகு இங்கே விடியலில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு; ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வேறு. ஆகவே மீன் இங்கே அன்றாடம் வரும். புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

இனிக் கசப்பு. 1970களில் உர ஆலை, கனநீர் ஆலை, 1979 இல் அனல் மின் நிலையம் என்று வரிசையாக வந்தன. ஐந்து அலகுகள், 1,050 மெகாவாட். பின்னர் அதன் பக்கத்திலேயே இன்னொரு 1,000 மெகாவாட். நிலக்கரி கப்பலில் வந்து இறங்கி அங்கேயே எரிவதால் துறைமுகத்தின் டன் கணக்கு உயர்ந்து காட்டுகிறது. உங்கள் 4 கோடி டன்னில் கணிசமான பகுதி, ஊருக்குள் நுழையாமலேயே புகையாகவும் சாம்பலாகவும் மாறும் கரி என்பதை மறக்க வேண்டாம். எதிரே மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றில் தூத்துக்குடியை ஒட்டியவை நான்கு. அவற்றில் விலாங்குசல்லி நீரில் மூழ்கிவிட்டது. வான் தீவும் கரைந்து சுருங்கிவந்தது. அதைக் காக்கச் செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தவர்கள் நாமேதான். அலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தாமிர உருக்காலை பற்றி நீட்ட விரும்பவில்லை. 2018 மே 22 அன்று துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள், ஆலை மூடப்பட்டது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் திறக்க மறுத்துவிட்டது. அந்த ஆலையால் பிழைத்த லாரிக்காரர்களும் இந்த ஊரார்தான், எதிர்த்து நின்றவர்களும் இந்த ஊரார்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்ததை நான் அறிவேன். இதைப் பற்றி அலுவலகத்தில் முதல் மாதமே கருத்துச் சொல்லிவிடாதீர்கள்.

தண்ணீரும் அப்படித்தான். ஒரு காலத்தில் கடம்பூரிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த ஊர் இது; நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து பாடுபட்டு 1927 இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் கொண்டுவந்தார். பின்னாளில் அதே ஆற்றை ஆலைகளும் கேட்டன. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்கு நீர் எடுப்பது குறித்த வழக்குப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆற்று முகம் தூர்ந்ததால் பிறந்த ஊர், அந்த ஆற்று நீருக்காகவே வழக்காடுகிறது.


மறுகேள்வி – எழுதியவர்: கரூர்த்தறி

மூவருக்கும் நன்றி. கொழும்பு விவகாரம் இப்போது விளங்கிவிட்டது. கரி எரிந்து டன் கணக்காகும் என்பதை நான் எண்ணியே பார்த்ததில்லை. அண்ணாச்சி தோணியைக் கடந்த காலத்தில் வைத்து எழுதியிருக்கிறார். ஆனால் கடற்கரைச் சாலையில் நின்றபோது பழைய துறைமுகப் பக்கம் மரக்கலங்களின் கம்பங்களைப் பார்த்த நினைவு. அவை என்ன?


பதில் 4 – எழுதியவர்: தண்டல் பேரன்

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். தோணி இன்னும் ஓடுகிறது. என் தாத்தா தண்டலாக இருந்தார். தோணியின் தலைவருக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

சில நூறு டன் ஏற்றக்கூடிய மரத்தோணிகள் இவை. இப்போது எஞ்சின் உண்டு, பாய் துணைக்குத்தான். மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, சிமெண்டு, செங்கல், கருங்கல் ஜல்லி என்று எது கேட்டாலும் ஏற்றிப் போகும். பெரிய கப்பல் நுழைய முடியாத ஆழமற்ற தீவுத் துறைகளில் தோணி நேரே போய் ஒட்டிவிடும். அதனால்தான் பெட்டகக் காலத்திலும் அது சாகவில்லை. அண்ணாச்சி குறையாகச் சொன்ன ஆழமின்மைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. தென்மேற்குக் காற்று பலக்கும் மாதங்களில் ஓடக்கூடாது. அந்த நாள்களில் தோணியைக் கரையேற்றிப் பலகை மாற்றி, இடுக்குகளில் பஞ்சுத்திரி அடைத்துப் பிசின் பூசுவார்கள். அடைப்பவர் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் தட்டும் ஓசையைக் கேட்டே திரி நன்றாக இறங்கிவிட்டதா என்பதைத் தாத்தா சொல்லிவிடுவார். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். மரம் விலை ஏறிவிட்டது, கடன் கொடுப்பாரும் காப்பீடு செய்வாரும் தயங்குகிறார்கள், பையன்கள் வெளிநாட்டுக் கப்பலுக்குப் போய்விடுகிறார்கள். நானே கணினி முன்னால்தான் இருக்கிறேன். சிப்காட்டில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்த பிறகு எங்கள் தெருப் பையன்கள் அந்தப் பக்கம் விண்ணப்பம் போடுகிறார்கள். தோணியில் ஏறச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஏற்றுமதி நடப்பதைப் பார்க்க விரும்பினால் செப்டம்பரில் பருவம் திறந்தவுடன் வாருங்கள். மூட்டைகளை இன்றும் பெரும்பாலும் ஆள்களே தோளில் ஏற்றுகிறார்கள். வெங்காயம் கடைசியில்தான் ஏறும், மேலே காற்றுப் படும்படி வைக்க வேண்டும் என்பதற்காக.


பதில் 5 – எழுதியவர்: பழைய கிளியரிங் ஏஜெண்ட்

தோணியைக் கடந்த காலத்தில் எழுதியது என் பிழைதான். தண்டல் பேரன் மன்னிக்க வேண்டும். உப்பளத்து அம்மாவிடம் பாதி தோற்றுவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியை நேரில் பேசலாம்.

தம்பி, வேலை சம்பந்தமாக ஒன்று. காற்றாலை இறக்கைகள் இங்கிருந்து கப்பலேறுகின்றன. ஓர் இறக்கை எழுபது, எண்பது மீட்டர் நீளம் வரும். அதை ஏற்றிய வண்டி துறைமுகச் சாலையில் திரும்பும் இரவில் பின்னால் வரும் அத்தனை பெட்டகமும் நிற்கும். கப்பலுக்குப் பெட்டகம் ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு அரை நாள் முன்னதாகவே உங்கள் லாரி ஊர் எல்லைக்குள் இருக்கட்டும். கரூரில் சீல் வைத்ததும் சீல் எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். வாசலில் ஓர் எண் மாறியிருந்தாலும் அன்றைய கப்பல் போய்விடும். வீடு பார்ப்பதாக இருந்தால், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் புறவழிச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாத பக்கமாகப் பாருங்கள். வந்து இறங்கியதும் மக்ரூன் வாங்க யார் சொன்னாலும் அன்று சுட்டதா என்று கேட்டு வாங்குங்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் தவிர அதில் ஒன்றும் இல்லை, இந்த ஊர் ஈரக் காற்றுப் பட்டால் மறுநாளே நமுத்துப் போகும்.